குக்குலு: பழம்பெரும் மருந்துப் பிசினும் அதன் ஆராய்ச்சிச் சான்றுகளும்

இந்திய மருத்துவ நூல்களில் மிகத் தொன்மையான காலந்தொட்டுப் போற்றப்பட்டு வரும் பொருள்களுள் குக்குலு ஒன்றாகும். அதர்வ வேதத்தில் இதன் நறும்புகை நோயை விரட்டுவதாகக் கூறப்பட்டுள்ளது. ஆயுர்வேத வைத்தியர்கள் வாத நோய்களுக்கும், மூட்டு வீக்கத்திற்கும், உடற்பருமனுக்கும் இதனைப் பல நூற்றாண்டுகளாகக் கொடுத்து வந்திருக்கின்றனர். யோகராஜ குக்குலு, கைசோர குக்குலு, திரிபலா குக்குலு, காஞ்சனார குக்குலு ஆகிய மருந்துகளின் பெயர்களே இப்பொருளுக்கு அம்மருத்துவ முறையில் உள்ள சிறப்பை விளக்கும்.

ஆயினும், ஒரு மருந்து நெடுங்காலம் வழங்கி வந்தது என்பது ஒன்று. அது குறித்த நோயைத் தீர்க்கும் என்று சோதனையால் நிலைநாட்டப்பட்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தறிவதற்குக் குக்குலுவின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். இரத்தத்திலுள்ள கொழுப்பைக் குறைக்கும் என்ற நம்பிக்கையோடு ஆராயப்பட்ட இப்பிசின், சுமார் நாற்பது ஆண்டுகளில் பெரும் புகழையும் பெருத்த ஐயத்தையும் ஒருங்கே அடைந்தது. இதற்கிடையில், பிசினைத் தரும் செடியோ அழிவின் விளிம்பிற்கே வந்துவிட்டது.

பெயர்க் குழப்பம்

தமிழில் இப்பொருளுக்குக் குக்குலு, மைசாட்சி என்னும் பெயர்கள் வழங்குகின்றன. மகிஷாட்சம் என்ற வடசொல்லே மைசாட்சி எனத் திரிந்தது. பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூல் குக்குலுவை மகிஷாட்சம், மகாநீலம், குமுதம், பத்மம், இரணியம் என ஐந்து வகையாகப் பிரித்து, நிறத்தைக் கொண்டு அடையாளங் கூறுகிறது.

சிலர் இதனைக் குங்கிலியம் என்றும் கூறுவர். இப்பெயரால் குழப்பம் நேர்வதுண்டு. தமிழ் மருத்துவ வழக்கில் குங்கிலியம் என்பது பெரும்பாலும் சால மரத்தின் பிசினைக் குறிக்கும். அது குக்குலுவின் இனத்தைச் சேர்ந்ததன்று. பறங்கிச் சாம்பிராணியும் வெள்ளைப் போளமும் குக்குலு சேர்ந்த பர்சரேசி என்னும் தாவரக் குடும்பத்தில் அடங்கியவையே. எனினும் அவையும் வெவ்வேறு மரங்களிலிருந்து கிடைப்பவை. வெவ்வேறு இரசாயனப் பொருள்களைக் கொண்டவை. ஆகவே ஒன்றைப்பற்றிய ஆராய்ச்சி முடிவை மற்றொன்றுக்கு ஏற்றிக் கூறுதல் தவறாகும்.

குக்குலுவைத் தரும் செடிக்குத் தாவர நூலார் இட்ட பெயர் காமிபோரா வைட்டியை என்பது. முன்னாளில் இது காமிபோரா முகுல் எனவும் வழங்கியது. இப்பெயரிலுள்ள ‘வைட்டியை’ என்னும் சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பணியாற்றித் தென்னிந்தியத் தாவரங்களை விரிவாக ஆராய்ந்த இராபர்ட் வைட் என்னும் அறிஞரை நினைவூட்டுவதாகும்.

செடியின் இயல்பு

குக்குலுச் செடி வறண்ட நிலத்திற்கு உரியது. இந்தியாவில் இராஜஸ்தானத்திலும், குஜராத்தின் கச்சு, சௌராஷ்டிரப் பகுதிகளிலும் இது மிகுதியாகக் காணப்படும். பாகிஸ்தானின் சிந்து, பலூசிஸ்தானப் பகுதிகளிலும் வளர்கிறது. பாறைச் சரிவுகளிலும் மணற்பாங்கான இடங்களிலும் மழை குறைந்த சூழ்நிலையைத் தாங்கி நிற்கும் வன்மை இதற்கு உண்டு.

இது பெரிய மரமாக வளர்வதில்லை; புதராகவோ சிறு மரமாகவோ நின்று, ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு மீட்டர் உயரத்தை அடையும். கிளைகள் கோணலாக வளைந்து, நுனியில் முள்ளாக முடியும். பட்டையின் மேற்புறம் மெல்லிய காகிதத் தாள்போல் உரிந்துகொண்டே இருக்கும். இலைகள் சிறியன, வறண்ட பருவத்தில் உதிர்ந்துவிடும். வளர்ச்சி மிகவும் மந்தமானது. பிசின் எடுப்பதற்குத் தகுதி பெற ஒரு செடிக்கு எட்டு முதல் பத்து ஆண்டுகள் வரை செல்லும்.

பிசின் எடுக்கும் முறை

பட்டையிலுள்ள நுண்ணிய குழாய்களில் பிசின் ஊறுகிறது. குளிர் காலத்தில் தண்டிலும் தடித்த கிளைகளிலும் கத்தியால் கீறிவிடுவர். கீறிய இடத்திலிருந்து மஞ்சள் கலந்த வெண்ணிறப் பால் மெல்ல வடிந்து, காற்றுப் பட்டு இறுகி, பழுப்பு நிறக் கட்டியாகும். சில நாள்களுக்கு ஒருமுறை அதனைச் சுரண்டி எடுப்பர். கோடை முடியும் வரை இவ்வாறு சேகரித்தால் ஒரு செடியிலிருந்து சில நூறு கிராம் பிசினே கிடைக்கும்.

கீறல் பட்டையளவில் நின்றால் செடி பிழைக்கும். விரைவில் மிகுதியாகப் பிசின் பெறவேண்டும் என்னும் ஆசையால் ஆழமாக வெட்டுதலும், காயத்தில் உறுத்தும் பசைகளைப் பூசுதலும் வழக்கத்தில் உண்டு. அவ்வாறு செய்யப்பட்ட செடி அவ்வாண்டு ஏராளமாகப் பிசினைச் சொரிந்துவிட்டு, பின்னர்ப் பட்டுப்போகும். எத்திபான் என்னும் தாவர ஊக்கிப் பொருளைச் செலுத்தி, ரப்பர் மரத்திற்குரிய கத்தியால் அளவாகக் கீறினால் விளைவு 22 மடங்கு வரை பெருகும் என்று 1980-களில் நடந்த சோதனைகள் காட்டின. இம்முறையும் தேர்ந்த கையில் மட்டுமே பயன் தரும். அளவு மிஞ்சினால் செடிக்குக் கேடு விளைக்கும்.

கோந்தும் பிசினும்

மரங்களிலிருந்து கசியும் பொருள்களை இருவகையாகப் பிரிக்கலாம். வேலமரத்துக் கோந்து நீரில் கரையும், சாராயத்தில் கரையாது. சால மரத்தின் குங்கிலியமோ சாராயத்தில் கரையும், நீரில் கரையாது. முன்னது கோந்து, பின்னது பிசின். குக்குலுவில் இவ்விரண்டும் கலந்திருக்கின்றன. அவற்றோடு வாசனை எண்ணெயும் சிறிதளவு உண்டு. பெருங்காயமும் இத்தகைய கலப்புப் பொருளே. குக்குலுவை நீரிலிட்டுக் குழைத்தால் தெளிந்த கரைசலாகாமல் பால்போல் வெளுத்துத் தோன்றுவதற்கு இக்கலப்பே காரணம்.

இவ்வேறுபாடு மருத்துவ நோக்கில் முக்கியமானது. எதில் அசிடேட் என்னும் கரைப்பானில் குக்குலுவை ஊறவைத்தால் ஏறத்தாழ 45 சதவீதம் கரையும். எஞ்சிய 55 சதவீதம் கரையாது நின்றுவிடும். கரையாத பகுதி பெரும்பாலும் மாவுச் சத்தின் இனத்தைச் சேர்ந்த கோந்து. மருந்தின் குணம் கரைந்த பகுதியிலேயே அடங்கியிருப்பதாகப் பிராணிச் சோதனைகள் காட்டின. கரையாத பகுதியில் பயன் இல்லாததோடு, தீங்கு செய்யும் இயல்பும் காணப்பட்டது. பழைய வைத்தியர்கள் குக்குலுவை அப்படியே கொடாமல், திரிபலைக் கஷாயத்திலோ பாலிலோ கோமூத்திரத்திலோ வேகவைத்து, வடிகட்டிச் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்த்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

காசியில் தொடங்கிய ஆராய்ச்சி

சுசுருத சம்ஹிதையில் மேதோ ரோகம் என்னும் நோய் விளக்கப்பட்டுள்ளது. உழைப்பின்மையாலும், பகலுறக்கத்தாலும், கொழுப்பை வளர்க்கும் உணவாலும் உடலில் மேதஸ் பெருகி, நாளங்களின் வழியை அடைத்து, வேறு பல நோய்களுக்கு இடமளிக்கும் என்பது அதன் கருத்து. குக்குலுவைப்பற்றி ஆயுர்வேத நூல்கள் கூறும் செய்தியும் சுவையானது: புதிய குக்குலு உடலைப் பெருக்கும், பழைய குக்குலு கொழுப்பைச் சுரண்டி நீக்கும்.

இவ்விளக்கத்திற்கும், இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்து இரத்தக் குழாய்கள் தடித்து அடைபடும் நோய்க்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டவர் டாக்டர் ஜி. வி. சத்தியவதி. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த அவர், முயல்களுக்குக் கொலஸ்டிரால் கலந்த உணவைக் கொடுத்து இரத்தக் கொழுப்பை உயர்த்தினார். அவற்றுள் குக்குலு கொடுக்கப்பட்ட முயல்களில் கொலஸ்டிரால் குறைந்திருந்தது. இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிதலும் தடைப்பட்டது. 1966-ஆம் ஆண்டு இம்முடிவுகள் அவருடைய ஆராய்ச்சிப் பட்டத்திற்குரிய நூலாக அமைந்தன. 1969-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தன. பிற்காலத்தில் அவர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் விளங்கினார்.

பழைய நூலொன்றின் குறிப்பைப் பாராட்டுவதோடு நில்லாமல், அதனைச் சோதனைக்கு உட்படுத்தத்தக்க ஒரு வினாவாக மாற்றியமையே இவ்வாராய்ச்சியின் சிறப்பாகும்.

செயற்படும் பொருள்

அடுத்த படி, பிசினிலுள்ள எப்பொருள் இக்குணத்தைத் தருகிறது என்பதை அறிவது. பேராசிரியர் சுக்தேவும் அவருடைய கூட்டாளிகளும் 1972-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், குக்குலுவிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டிராய்டு இனப் பொருள்களின் அமைப்பை விளக்கினர். அவற்றுள் முக்கியமானவை குக்குல்ஸ்டிரோன் எனப்படும். ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கையில் அமைந்திருப்பினும், இடவமைப்பில் மாறுபட்ட இரு வடிவங்கள் இதற்கு உண்டு; அவை ‘இ’ வடிவம், ‘இசட்’ வடிவம் எனப்படும்.

இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இவ்வாராய்ச்சியை மேலும் வளர்த்தது. எதில் அசிடேட்டில் கரைந்த பகுதியை, குக்குல்ஸ்டிரோனின் அளவைக் கொண்டு தரப்படுத்தி, குகுலிப்பிட் என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மருந்தாக இந்தியாவில் விற்பனை செய்யவும் அதற்கு அனுமதி கிடைத்தது.

இந்தியாவில் நடந்த சோதனைகள்

குகுலிப்பிட்டைப்பற்றிய பெரிய மருத்துவச் சோதனையின் முடிவுகள் 1989-இல் வெளியாயின. பல நகரங்களிலுள்ள மருத்துவ நிலையங்களில் 205 நோயாளிகளுக்கு, முதலில் எட்டு வாரம் உணவுக் கட்டுப்பாடும் வெற்று மருந்தும் அளிக்கப்பட்டன. பின்னர் நாளொன்றுக்கு மூன்று வேளை, வேளைக்கு 500 மில்லிகிராம் வீதம், பன்னிரண்டு வாரம் குகுலிப்பிட் கொடுக்கப்பட்டது. நோயாளிகளில் 70 முதல் 80 சதவீதத்தினரிடம் கொலஸ்டிரால் சராசரியாக 23.6 சதவீதமும், டிரைகிளிசரைடு 22.6 சதவீதமும் குறைந்ததாகக் கணக்கிடப்பட்டது.

அதே ஆராய்ச்சியின் மற்றொரு பகுதியில், அக்காலத்தில் வழங்கிய குளோபைபிரேட் என்னும் மருந்தோடு குகுலிப்பிட் ஒப்பிடப்பட்டது. எவருக்கு எம்மருந்து கொடுக்கப்படுகிறது என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாதவாறு இச்சோதனை அமைக்கப்பட்டது. இதில் குகுலிப்பிட்டால் கொலஸ்டிரால் 11 சதவீதமும் டிரைகிளிசரைடு 16.8 சதவீதமும் குறைந்தன. குளோபைபிரேட்டால் முறையே 10 சதவீதமும் 21.6 சதவீதமும் குறைந்தன.

இவ்விரு பகுதிகளின் எண்களையும் ஒப்புநோக்குதல் பயன் தரும். முதற்பகுதியில் கண்ட 23.6 சதவீதம், மறைப்புடன் செய்த சோதனையில் 11 சதவீதமாகச் சுருங்கியது. இதில் வியப்பில்லை. முதற்பகுதியில் மருந்து உண்ணாத ஒப்பீட்டுக் கூட்டம் உடன் நடத்தப்படவில்லை. மேலும், குறிப்பிட்ட சராசரி மருந்துக்கு இணங்கியோரைப் பற்றியது. இணங்காதோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது குறையும். கொலஸ்டிரால் மிக உயர்ந்திருந்த நாளில் அளந்து சேர்க்கப்பட்டவரிடம், மறுமுறை அளக்கும்போது அது தானே சிறிது தணிந்திருத்தலும் இயல்பு.

1994-இல் மொராதாபாதிலிருந்து வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில் 61 பேர் கலந்துகொண்டனர். உணவுக் கட்டுப்பாட்டோடு 24 வாரம் குகுலிப்பிட் உண்டவர்களிடம் கொலஸ்டிரால் 11.7 சதவீதமும், தீய கொலஸ்டிரால் எனப்படும் எல்.டி.எல். பகுதி 12.5 சதவீதமும் குறைந்ததாகக் கூறப்பட்டது.

மாறான முடிவு

இச்செய்திகளால் மேனாடுகளிலும் குக்குலு மாத்திரைகள் பெருமளவில் விற்பனையாயின. அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 103 பேரைக் கொண்டு எட்டு வாரம் ஒரு சோதனை நடத்தி, 2003-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினர் 1,000 மில்லிகிராமும், மற்றொரு பிரிவினர் 2,000 மில்லிகிராமும் நாளுக்கு மூன்று வேளை குகுலிப்பிட் உண்டனர். மூன்றாம் பிரிவினருக்கு வெற்று மருந்து கொடுக்கப்பட்டது. எவருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது மறைக்கப்பட்டிருந்தது.

வெற்று மருந்து உண்டவரிடம் எல்.டி.எல். 5 சதவீதம் குறைந்தது. குறைந்த அளவு குகுலிப்பிட் உண்டவரிடம் அது 4 சதவீதமும், கூடிய அளவு உண்டவரிடம் 5 சதவீதமும் உயர்ந்தது. மொத்தக் கொலஸ்டிராலிலும் டிரைகிளிசரைடிலும் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. மருந்து உண்டவர்களுள் ஆறு பேருக்குத் தோலில் ஒவ்வாமைத் தடிப்புத் தோன்றியது.

நார்வே நாட்டில் 43 பேரிடம் பன்னிரண்டு வாரம் நடத்தி, 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மொத்தக் கொலஸ்டிரால் சிறிதளவு குறைந்தது. ஆனால் நல்ல கொலஸ்டிரால் எனப்படும் எச்.டி.எல். பகுதியும் உடன் குறைந்தது. எல்.டி.எல். பகுதியில் பயன் காணப்படவில்லை.

இம்முரண்பாட்டிற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அமெரிக்கச் சோதனையில் கலந்துகொண்டோர் மேனாட்டு உணவையே உண்டு வந்தவர்கள். இந்தியச் சோதனைகளிலோ உணவுக் கட்டுப்பாடு உடன் சேர்ந்திருந்தது. மருந்தின் அளவு குறைந்தது என்று கூறுவதற்கில்லை. ஏனெனில், அமெரிக்கச் சோதனையின் முதற்பிரிவில் நாளொன்றுக்குக் கிடைத்த 75 மில்லிகிராம் குக்குல்ஸ்டிரோன், இந்திய ஆராய்ச்சிகளில் வழங்கிய அளவை ஒத்ததே. சோதனை அமைந்த முறையின் செம்மையை நோக்கினால், பிந்திய சோதனைகளின் முடிவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

உடலில் செயற்படும் விதம்

2002-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், குக்குல்ஸ்டிரோன் செயற்படும் விதத்தைப்பற்றி முக்கியமானதோர் உண்மையை வெளியிட்டனர். கல்லீரல் கொலஸ்டிராலைப் பித்த அமிலங்களாக மாற்றுகிறது. பித்த அமிலம் போதிய அளவு சேர்ந்ததும், எப்.எக்ஸ்.ஆர். என்னும் ஏற்பிப் புரதம் அதனை உணர்ந்து, மேலும் மாற்றம் நிகழாமல் தடுக்கிறது. குக்குல்ஸ்டிரோன் இவ்வேற்பியின் வேலையை மறிக்கிறது. அதனால் சுண்டெலிகளின் கல்லீரலில் கொலஸ்டிரால் குறைகிறது. இவ்வேற்பி இல்லாதவாறு வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில் அப்பயன் தோன்றவில்லை.

பின்னர் நடந்த ஆராய்ச்சிகள், குக்குல்ஸ்டிரோன் இவ்வொரு ஏற்பியை மட்டுமன்றி வேறு பல ஹார்மோன் ஏற்பிகளையும் தொடுவதை வெளிப்படுத்தின. ஒரு பூட்டுக்கே உரிய சாவியாக இல்லாமல், பல பூட்டுகளில் நுழையும் சாவியாக இஃது இருப்பதால், எலியிடம் கண்ட விளைவு மனிதரிடம் அப்படியே தோன்றும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. செயற்படும் விதம் தெளிவாகத் தெரிந்த ஒரு பொருளும் மருந்தாகப் பயன்படாமற் போகலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

பிற நோய்கள்

மூட்டு வீக்கத்திற்கும் வலிக்கும் குக்குலு நெடுநாளாக வழங்குகிறது. அழற்சியைத் தூண்டும் என்.எப்.-கப்பா-பி என்னும் புரதத்தின் செயலைக் குக்குல்ஸ்டிரோன் தணிப்பதாக 2004-இல் ஆய்வுக்கூடச் சோதனை ஒன்று காட்டியது. முழங்கால் தேய்வுற்ற 30 பேரிடம் செய்து 2003-இல் வெளிவந்த ஆராய்ச்சியில் வலி குறைந்ததாகக் கூறப்பட்டது. எனினும் அதில் ஒப்பீட்டுக் கூட்டம் இல்லை. கடுமையான முகப்பரு கொண்ட 20 பேரிடம் செய்து 1994-இல் வெளியான சிறு சோதனையில், குகுலிப்பிட் டெட்ராசைக்கிளின் மருந்துக்கு ஏறத்தாழச் சமமான பயனைத் தந்தது. இவை மேலும் ஆராய்வதற்குத் தூண்டும் குறிப்புகளேயன்றி, முடிந்த முடிபுகள் அல்ல.

கவனிக்க வேண்டியவை

தாவரத்திலிருந்து கிடைப்பதாலேயே ஒரு மருந்து தீங்கற்றது என்று கருதுதல் தவறு. குக்குலுவால் வயிற்றுக் கோளாறு, பேதி, தோல் தடிப்பு ஆகியன நேர்வதுண்டு. தசை நார்கள் சிதைந்ததாகவும், கல்லீரல் பாதிக்கப்பட்டதாகவும் அரிதாகச் செய்திகள் வெளியாகியுள்ளன. எலிகளில் இது தைராய்டுச் சுரப்பியைத் தூண்டியது. ஆதலின் அச்சுரப்பியில் கோளாறு உள்ளவர்கள் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். கருவுற்ற பெண்கள் இதனைத் தவிர்ப்பது நலம்.

பிற மருந்துகளோடு சேரும்போது நேரும் விளைவு இன்னும் முக்கியமானது. இரத்த அழுத்தத்திற்கும் இருதய நோய்க்கும் கொடுக்கப்படும் புரொப்பிரனலால், டில்டையசம் ஆகிய மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவைக் குகுலிப்பிட் குறைத்துவிடுவதாக 1994-இல் வெளிவந்த சோதனை காட்டியது. இருதய நோயாளி ஒருவர் மருத்துவரிடம் கூறாமல் குக்குலுவை உண்டால், அவர் உண்ணும் மற்ற மருந்து பயனற்றுப் போகக்கூடும்.

ஸ்டாட்டின் வகை மருந்துகள் எல்.டி.எல். கொலஸ்டிராலை வெகுவாகக் குறைப்பதோடு, மாரடைப்பையும் அதனால் நேரும் மரணத்தையும் குறைப்பதாகப் பல்லாயிரவரிடம் செய்த சோதனைகளால் நிலைநாட்டப்பட்டுள்ளன. குக்குலுவிற்கு அத்தகைய சான்று இல்லை. இரத்தத்தில் ஓர் எண் குறைவது மட்டும் போதாது என்பதைக் குளோபைபிரேட்டின் வரலாறே உணர்த்தும். உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் நடந்து 1978-இல் வெளியான பெருஞ்சோதனையில், அம்மருந்து கொலஸ்டிராலைக் குறைத்த போதிலும், அதனை உண்டவரிடம் மொத்த மரணங்கள் மிகுந்திருந்தன. ஆகவே, மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டுக் குக்குலுவை நாடுதல் ஆபத்தானது.

செடியின் எதிர்காலம்

மருந்தின் பயன் இன்னும் வழக்கில் இருக்க, செடியின் நிலையைப்பற்றி ஐயமில்லை. தேவை பெருகியதாலும், முறையற்ற கீறலாலும், மேய்ச்சலாலும், வாழிடம் சுருங்கியதாலும் குக்குலுச் செடிகள் வேகமாகக் குறைந்தன. இயற்கைப் பாதுகாப்பிற்கான உலகச் சங்கம் 2015-இல் இதனை அழியும் அபாயம் மிக மிகுந்த இனங்களின் வரிசையில் சேர்த்தது. சரக்குக் குறைந்ததன் விளைவாகப் பிற மரப் பிசின்களைக் கலந்து விற்கும் வழக்கமும் வளர்ந்தது. கலப்படச் சரக்கால் நோயாளிக்கு மட்டுமன்றி ஆராய்ச்சிக்கும் கேடே.

இச்செடியின் இனப்பெருக்கத்திலும் ஒரு தனித்தன்மை உண்டு. மகரந்தச் சேர்க்கையின்றியே விதை உண்டாகும் இயல்பு இதில் மிகுந்து காணப்படுகிறது. அவ்வாறு பிறந்த கன்றுகள் யாவும் தாய்ச் செடியின் நகல்களே. இதனால் இனத்திற்குள் வேறுபாடு குறைந்து, புதிய நோயையோ மாறும் தட்பவெப்பத்தையோ எதிர்த்து நிற்கும் ஆற்றல் குன்றும். விதை முளைப்பதும் அரிது. எனவே தண்டுத் துண்டுகளை நட்டுப் பயிராக்குதலே எளிய வழியாக உள்ளது. இலக்னோவிலுள்ள மத்திய மருந்து மற்றும் நறுமணத் தாவர நிலையம் ‘மருசுதா’ என்னும் சிறந்த வகையைத் தேர்ந்து வெளியிட்டுள்ளது. வேறு பயிர் விளையாத வறண்ட நிலத்தில் இதனை வளர்த்தால் மண் அரிப்பும் தடைப்படும்; பிசின் எடுப்போருக்கு நிலையான வருவாயும் கிடைக்கும்.

பழைய மருந்தொன்றைச் சோதித்து அறிவதன் நோக்கம், அதனைப் போற்றுவதும் அன்று, இகழ்வதும் அன்று. எந்நோய்க்கு, எவ்வளவில், எவருக்குப் பயன்படும் என்பதைத் தெளிவாக்குவதே நோக்கம். குக்குலுவைப் பொறுத்தவரை, கொலஸ்டிராலைப்பற்றிய முதல் நம்பிக்கை பெரிதும் தளர்ந்துவிட்டது. அழற்சியைப்பற்றிய வினா இன்னும் விடை காண வேண்டிய நிலையில் இருக்கிறது. அவ்விடையைக் காண்பதற்குத் தரம் அறிந்த மருந்தும், செம்மையாக அமைந்த சோதனையும் வேண்டும். அவ்விரண்டிற்கும் முன்னதாக, இராஜஸ்தானத்துப் பாறைச் சரிவுகளிலும் கச்சுப் பாலையிலும் குக்குலுச் செடி உயிரோடு நிற்க வேண்டும்.